கலங்கல்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், ஓர் இரவு முழுவதும் நாங்கள் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிகள் பலவும் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சில ஊர்களில் கரை உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தபடி இருந்தது. கூரத்து இளைஞர்கள் மணல் மூட்டைகளைச் சுமந்துவர, பெரியவர்கள் அரிக்கேன் விளக்கும் கைப்பேசி வெளிச்சமுமாகக் கரை நெடுக நடந்து எங்கேனும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். விடியும் தறுவாயில் கலங்கல் வழியாக நீர் பேரிரைச்சலோடு வெளியேறத் தொடங்கியது. அந்த ஓசையைக் கேட்டதும் எல்லோர் முகத்திலும் ஓர் ஆறுதல்.

எங்களோடு நின்றிருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அப்போது சொன்னார்: "கரை எவ்வளவு ஒசரமா இருக்குங்கிறது பெரிசில்லப்பா. கலங்கல் தூர்ந்து போகாம இருக்கணும். கலங்கல் இல்லாத ஏரி என்னைக்கிருந்தாலும் உடையும்."

அவர் ஏரியைப் பற்றித்தான் பேசினார் என்று அன்று நினைத்தோம். அடுத்த ஆறு ஆண்டுகளில் எங்களுக்கு நேர்ந்தவற்றை இப்போது திரும்பிப் பார்க்கையில், அந்தச் சொற்கள் வேறு பொருளும் கொள்கின்றன. யோகப் பயிற்சி மனத்துக்குச் சமநிலை தரும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது உண்மைதானா, உண்மையென்றால் எவ்விதத்தில் உண்மை என்பதை எங்கள் அனுபவத்தைக் கொண்டு சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நாங்கள் ஐவர். பட்டுத் தறி நெய்பவர் ஒருவர். நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரியும் பெண் ஒருவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைக்குச் சென்றுவருபவர் ஒருவர். தையல் கடை வைத்திருக்கும் அம்மையார் ஒருவர். ஐந்தாமவர் அந்த வாத்தியார். எங்களைச் சேர்த்தது முதலில் வாசிப்புதான். நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகங்களை மாற்றிக்கொள்வதில் தொடங்கிய பழக்கம், 2016 தைப்பொங்கலுக்குப் பிறகு வாத்தியார் வீட்டு மொட்டை மாடியில் காலைப் பயிற்சியாகவும் ஆயிற்று. இதில் இன்னாருடையது என்று பிரித்தெடுக்கக்கூடியது குறைவு என்பதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

வாத்தியார் தம் நாற்பதாவது வயதில், முதுகுவலிக்காகச் சென்னையில் யோகம் கற்கத் தொடங்கியவர். அவருக்குக் கற்பித்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் பயின்றவர். கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1930களிலிருந்து யோகசாலை நடத்தியவர். நாடு விடுதலை பெற்று மன்னராட்சி முடிந்தபின் ஆதரவு குன்றி, 1950இல் அந்தச் சாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்தபின், குடும்பத்தோடு சென்னைக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார் அவர். மைசூரில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைக் கற்பித்தவர், சென்னையில் நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் எனத் தம்மிடம் வந்தவரின் உடலுக்கும் சூழலுக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றியமைத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார்.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. ஆளுக்குத் தக்கபடி பயிற்சி என்பதே வாத்தியார் எங்களிடம் கைக்கொண்ட முதல் விதி. குழித்தறியில் நாள் முழுக்க முன்குனிந்து அமர்பவருக்கு முதுகை மெல்லப் பின்வளைக்கும் ஆசனங்கள். இரவுப் பணி முடித்து வரும் செவிலியருக்கு நாற்காலியில் அமர்ந்தபடியே கை உயர்த்தித் தாழ்த்தல், பிறகு படுத்து முழங்கால்களை மார்புக்குக் கொணர்தல். இரண்டாவது விதி, மூச்சு முன்செல்ல உடல் பின்தொடர வேண்டும் என்பது. கையை உயர்த்திவிட்டு மூச்சை இழுப்பதல்ல. மூச்சு தொடங்கியபின் கை எழ வேண்டும், கை நின்றபின் மூச்சு முடிய வேண்டும். மூன்றாவது விதியை அவர் சொல்லாத நாளில்லை: "நல்லா இருக்கிற நாள்ல செய்யுங்க. கெட்ட நாளுக்கு அதுதான் கையிருப்பு."

*

சமநிலை என்றால் அசையாமல் நிற்பது என்றுதான் நாங்கள் முதலில் கருதியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது எங்கள் ஊரின் நடராசர்.

கூரம் சிற்றூர்தான், ஆனால் பல்லவர் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் இங்கே ஒரு சிவன் கோயில் எடுப்பித்தான். அதற்கு அவன் அளித்த கொடையைச் சொல்லும் செப்பேடுகள் கூரம் செப்பேடுகள் என்று பெயர்பெற்றவை. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு அவற்றில் ஏற்பாடு உண்டு. ஏரி ஒன்றும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணரும் பெரும்பிடுகு என்னும் கால்வாயும் குறிக்கப்படுகின்றன. இதே ஊரில் கிடைத்த நடராசர் படிமம் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லவர் காலத்தது என அறிஞர் பலர் கருதும் சிறிய செப்புத் திருமேனி அது. நாம் வழக்கமாகக் காணும் ஆனந்த தாண்டவம் அன்று. ஒரு பாதத்தை முயலகன்மேல் ஊன்றி, மறுகாலின் முழங்காலை மேல்நோக்கி உயர்த்திய நிலை, ஊர்த்துவஜானு என்பார்கள்.

2017இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐவரும் சென்று அதைப் பார்த்து வந்தோம். மறுநாள் காலை விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நின்றிருந்தபோது வாத்தியார், "கீழே குனியாம, பாதத்தை மட்டும் மனசால பாருங்க, சும்மா இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஊன்றிய பாதம் ஒரு கணமும் சும்மா இல்லை. கணுக்கால் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் இடையறாது சாய்ந்து சாய்ந்து மீண்டுகொண்டிருந்தது. இந்தச் சின்னச் சாய்வுகளைத் தடுத்து உடலை விறைப்பாக்கியவர்தான் முதலில் காலை ஊன்றினார். சமநிலை என்பது சாயாமை அன்று. சாய்ந்ததை அறிந்து திரும்புவது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் தலையசைத்துவிட்டுப் போயிருப்போம். பாதத்தில் உணர்ந்ததால் மறக்கவில்லை.

துயரத்துக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பைப் பழைய நூல்கள் அறிந்திருக்கின்றன. பதஞ்சலி தம் நூலின் முதல் பகுதியில், மனம் சிதறுகையில் உடன்வரும் நான்கைச் சொல்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கு கெட்ட மூச்சு. அதற்கு அவர் கூறும் வழிகளும் ஒன்றல்ல, பல. மகிழ்ந்திருப்பவரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, நல்லது செய்வோரைக் கண்டு உவகை, தீமை செய்வோரிடம் பற்றும் பகையும் இல்லாத விலகல் ஆகியவற்றை வளர்ப்பது ஒரு வழி. மூச்சை வெளிவிட்டு நிறுத்திப் பழகுவது இன்னொரு வழி. இவ்விரண்டும் அடுத்தடுத்து வருவதை வாத்தியார் அடிக்கடி சுட்டுவார். நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கே ஒதுக்கியவர்.

இன்றைய உடலியல் இதைத் தன் மொழியில் விளக்குகிறது. மூச்சை இழுக்கையில் இதயத்துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. வெளிமூச்சு நீளும்போது, வேகஸ் நரம்பின் வழியாக உடலைத் தணிக்கும் செயல் மேலோங்குகிறது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்வோருக்கும், பௌத்த மந்திரம் ஒன்றை உச்சரிப்போருக்கும் மூச்சு ஒரே அளவுக்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறையாக இறங்கியதையும், இதயத்தின் இயக்கம் அதனோடு இசைந்து சீரானதையும் அவர்கள் கண்டார்கள். மொழி வேறு, கடவுள் வேறு, மூச்சு ஒன்று.

*

இவையெல்லாம் நல்ல நாட்களின் பேச்சு. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் மொட்டை மாடிக் கூட்டம் நின்றது. வாத்தியார் விடவில்லை. காலை 6 மணிக்கு எல்லோரையும் கைப்பேசியில் ஒன்றாக இணைத்து, அவரவர் வீட்டில் பாய் விரித்திருக்க, அங்கிருந்தே எண்ணுவார். நான்கு எண்ணிக்கை உள்ளே, எட்டு எண்ணிக்கை வெளியே. பாதியில் தொடர்பு அறுந்துபோகும். நாங்கள் எங்களுக்குள் எண்ணிக்கொண்டிருப்போம். மீண்டும் அவர் குரல் வரும்போது பெரும்பாலும் அதே எண்ணில் இருப்பார்.

தறிகள் நின்றுவிட்டன. திருமணங்கள் தள்ளிப்போயின, பட்டுச் சேலை கேட்பாரில்லை, முதலாளியிடமிருந்து பாவும் ஊடையும் வரவில்லை. எங்கள் நெசவாளர் ஏற்கெனவே வாங்கியிருந்த முன்பணம் கழியாமல் அப்படியே கடனாக நின்றது. ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலை அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார். அவர் மனைவி தையல்கார அம்மையாரிடம் வந்து, "அக்கா, ராத்திரி எல்லாம் வெளக்கு போடாம தறிக்குழியில கால விட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குறாரு" என்று அழுதார்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்கரை ஆண்டுகள் தவறாமல் பயிற்சி செய்தவர் அவர். பயிற்சி அவரை அந்தக் குழியில் விழாமல் தடுக்கவில்லை. யோகம் செய்தால் மனநோய் அண்டாது என்று எவரேனும் சொன்னால் நாங்கள் ஒப்பமாட்டோம். செவிலியர் அன்றே அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். மருந்து தொடங்கிற்று. நாங்கள் கூடி அரிசியும் மளிகையும் சேர்த்தோம்; முன்பணம் பற்றி முதலாளியிடம் பேச வாத்தியார் சென்றார். பெங்களூரு நிம்ஹான்சில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைச் செவிலியர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். கடும் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மின்அதிர்வுச் சிகிச்சை, ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு மூச்சுப் பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரங்களில் மூச்சுப் பயிற்சி மருந்துக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. ஆனால் மின்அதிர்வுச் சிகிச்சை அதைவிட மேலான பலன் தந்தது. அந்த ஆய்வின் நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. மருத்துவம் வேண்டிய இடத்தில் மருத்துவம்.

ஆனால் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வாத்தியார் அவருக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. முகக்கவசத்தோடு வாசல் திண்ணையின் ஒரு கோடியில் உட்கார்ந்து, "தம்பி, எதையும் யோசிக்காத. வெளியில விடுற மூச்சை மட்டும் எண்ணு. நாலு வந்தா நாலு, மூணு வந்தா மூணு" என்றார். பிற்பாடு நெசவாளரே எங்களிடம் சொன்னார்: "அன்னைக்குப் புதுசா எதையாச்சும் கத்துக்கச் சொல்லியிருந்தா என்னால ஆயிருக்காது. இது ஒடம்புக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தது. அறுந்த பாவு இழைய வெடுக்குனு இழுத்தா இன்னும் பத்து இழை போவும். ரெண்டு முனையையும் தேடி மெதுவாத்தான் பிணைக்கணும். தெனம் தறியில செஞ்ச வேலைதான்." கையிருப்பு என்று வாத்தியார் சொன்னதன் பொருள் அப்போது எங்களுக்குப் புரிந்தது.

*

2021 மே மாதத்தில் வாத்தியார் மறைந்தார்.

ஏப்ரல் இறுதியில் செவிலியர் அவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்துச் செவிலியருக்குத் தொற்று உறுதியாயிற்று. அதே வாரத்தில் வாத்தியாருக்குக் காய்ச்சல். அந்த நாட்களில் அவர் நியாயவிலைக் கடைக்கும் ஒரு துக்க வீட்டுக்கும் சென்றுவந்திருந்தார். யாரிடமிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும் வெளியூரில் இருந்த அவர் மகன் தொலைபேசியில் செவிலியரிடம், "நீங்க வராம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பார்" என்றார். அதன்பின் செவிலியர் எங்களில் யாரோடும் பேசவில்லை.

நாங்களும் அவரை அழைக்கவில்லை. அவருக்கு ஓய்வு தேவை, தனிமை தேவை என்று ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொண்டோம். மூவராகக் காலையில் இணைந்து, எண்ணுவதற்குக் குரல் இல்லாமல், மௌனமாகவே பயிற்சி செய்தோம். ஆறாவதோ ஏழாவதோ நாளில் தையல்கார அம்மையார் பயிற்சியின் முடிவில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவ நெனப்பு வர்றப்ப எனக்கு மூச்சு எட்டு வரைக்கும் போவ மாட்டேங்குது. அஞ்சுலயே நின்னுடுது." மற்ற இருவரும் பேசவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

அறிவு மறைத்ததை மூச்சு மறைக்கவில்லை. அவர்மீது எங்களுக்குக் கோபம் இருந்தது. அந்த மகன் வாய்விட்டுச் சொன்னதை நாங்கள் சொல்லாமல் வைத்திருந்தோம், அவ்வளவே வேறுபாடு. ஆறாண்டுப் பயிற்சி எங்களுக்குத் தந்தது என்னவென்று யாரேனும் கேட்டால் இதையே சொல்வோம்: கோபம் வராமலிருக்கும் வரம் அன்று, கோபம் எங்கே தேங்கி நிற்கிறது என்று காட்டும் ஓர் அளவுகோல்.

கூரத்தில் பிறந்தவர்களுக்குக் கூரத்தாழ்வான் கதை தாலாட்டோடு வருவது. இராமாநுசரின் முதன்மையான சீடர்; இவ்வூரில் பெருஞ்செல்வராய் இருந்து அனைத்தையும் துறந்து திருவரங்கம் சென்றவர். சோழ அரசவையில் குருவுக்குப் பதிலாகத் தாம் சென்று நின்று, கண்களை இழந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அவர் காஞ்சி வரதர்மீது பாடிய வரதராஜஸ்தவத்தோடும் ஒரு கதை சேர்ந்திருக்கிறது. கண்ணை மீட்டுத் தரும்படி வேண்டுமாறு குரு பணித்து அனுப்ப, வரம் கேட்கும் நேரம் வந்தபோது, தமக்கு அந்தத் துன்பம் நேரக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டும் என்று கேட்டாராம். சிறுவயதில் இதைத் தெய்வக்கதையாகக் கேட்டு வியந்ததோடு சரி. மனிதர் எவருக்கும் இயலாதது என்றே நினைத்திருந்தோம். வாத்தியார் மட்டும் இதைச் சொல்கையில், "அவருக்கு வலிக்கலேன்னு யாரும் எழுதி வைக்கல" என்று ஒரு வாக்கியம் சேர்ப்பார்.

எங்கள் செவிலியர் நாலூரான் அல்லர். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒரு முதியவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தார். குற்றமற்ற ஒருவரை மன்னிக்கக்கூட எங்களுக்குப் பதினோரு நாட்கள் ஆயின என்பதே வெட்கம். பன்னிரண்டாம் நாள் காலை நெசவாளர் அவரை அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "எண்ண ஆளில்லம்மா. நீ எண்ணு" என்றார்.

நெடுநேரம் அமைதி. பிறகு எண்ணினார். இருமலுக்கிடையே ஆறு வரை போனது, உடைந்தது. அழுதார். கைப்பேசியின் மறுமுனைகளில் நாங்களும் அழுதோம். யாரும் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. வாத்தியார் இறந்த பன்னிரண்டு நாட்களில் நாங்கள் முறையாக அழுதது அன்றுதான். அழுகை தானாக ஓய்ந்தபின் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

*

உணர்ச்சியற்றவராக ஆவதே சமநிலை என்று சிலர் கருதுகிறார்கள். எங்கள் அனுபவம் அப்படி இல்லை. கரையை மேன்மேலும் உயர்த்தி நீரை அடைத்து வைப்பதால் ஏரி காக்கப்படுவதில்லை. வர வேண்டிய வெள்ளம் வரும். அது வெளியேற ஒரு வழி, அளவோடு, கரையைச் சிதைக்காமல் செல்ல ஒரு வழி, முன்னதாகவே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் தூர் எடுக்கப்பட்டிருக்கவும் வேண்டும். அடைமழையில் எவரும் கலங்கல் கட்டுவதில்லை. அன்றாடம் அரைமணி நேரம் பாய் விரித்து நாங்கள் செய்துவந்தது அந்தத் தூர் எடுக்கும் வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

2022இல் வருடத் திதிக்கு வாத்தியாரின் மகன் ஊருக்கு வந்திருந்தார். காரியங்கள் முடிந்த மறுநாள் காலை மொட்டை மாடிக்கு ஏறிவந்து, ஓரமாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்ததும் செவிலியரிடம், "அக்கா, அன்னைக்கு அப்பா உங்ககிட்ட என்ன பேசினார்?" என்று கேட்டார். செவிலியர் சொன்னார்: "பிரஷர் கொஞ்சம் கூட இருந்துச்சு. ஒரு பத்து மூச்சு விட்டுட்டுத் திரும்பப் பாருன்னார். பார்த்தேன். கொறஞ்சிருந்தது. சிரிச்சார்."

அவர் தலையசைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. கீழே போவதற்கு முன், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த அப்பாவின் பாயை எடுத்து உதறி, வெயிலில் விரித்துவிட்டுப் போனார்.

நெசவாளர் இப்போது மீண்டும் கோர்வைச் சேலை நெய்கிறார். மருந்தை மருத்துவர் சொன்ன காலம் வரை உட்கொண்டு, அவர் சொன்னபின் நிறுத்தினார். எங்கள் காலைப் பயிற்சி தொடர்கிறது. எண்ணுவது செவிலியர். சில நாட்களில் எட்டு வரை போகிறது. சில நாட்களில் ஐந்தோடு நின்றுவிடுகிறது. ஐந்தோடு நிற்கும் நாட்களில், யார்மீது என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.